பூங்காவுக்கு விட்ட இடம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல ராஜராஜன், மன்றோ, கலிபோர்னியா எல்லாம் வருவாங்க. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

போச்சம்பள்ளின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க கேக்கற முதல் கேள்வி, "பட்டுப்புடவை ஊர்தானே?" இல்லைங்க. அது தெலுங்கானாவுல இருக்கிற போச்சம்பள்ளி. 1951-ல வினோபா பாவேயோட பூதான இயக்கம் ஆரம்பிச்சதும் அந்த ஊர்லதான். நம்ம போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டம். ஞாயித்துக்கிழமை சந்தை, மாந்தோப்பு, தென்னந்தோப்பு, சிறப்புக் காவல் படையோட ஏழாவது பட்டாலியன், அப்புறம் சிப்காட். அங்க யாரும் நிலத்தை தானம் குடுத்தாங்க. இங்க யாரும் குடுக்கறதில்ல. சதுர அடி கணக்குலதான் பேச்சு :-)

2021-ல சிப்காட்ல ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்தப்புறம் சந்தைக்குப் போனா, கத்திரிக்காய் பையோட ஒரு மஞ்சள் நோட்டீஸும் கையில திணிக்கறாங்க. "சிப்காட்டிலிருந்து 5 நிமிடம், டி.டி.சி.பி. அப்ரூவ்டு, 30 அடி ரோடு, பூங்கா வசதி". அந்த கடைசி ரெண்டு வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு சிரிப்பு வரும். ஏன்னா என்கிட்டயும் ஒரு பூங்கா வசதி இருக்கு.

பல வருஷம் முன்னாடி போச்சம்பள்ளியில இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு கிராமத்துல 1200 சதுர அடி பிளாட் வாங்கினேன். ஊர் பேர் வேண்டாம். அப்ப அது "பஞ்சாயத்து அப்ரூவல்". மேப்புல ரோடெல்லாம் வெள்ளையா, மனையெல்லாம் மஞ்சளா, ஒரு மூலையில மட்டும் பச்சையா அடிச்சு "பூங்கா"ன்னு எழுதியிருந்தது. புரோக்கர் அந்த பச்சை மேல விரலை வெச்சு, "பாருங்க சார், பசங்க விளையாட இடம் விட்டிருக்கோம்"னார். என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. அந்த பச்சையைப் பாத்துதான் அட்வான்ஸ் குடுத்தேன்னு சொன்னா நம்புவீங்களா?

2017-ல மனையை வரன்முறைப்படுத்த மனு போடறதுக்காக அந்த மேப்பை எடுத்துக்கிட்டு நேர்ல போனேன். பச்சை அடிச்ச இடத்துல மாடி வீடு. வாசல்ல கோலம், கேட்டுல நாய். அவரும் முறையா கிரையம் பண்ணி வாங்கினவர்தான். மேப்பைக் காட்டினேன். பாவம், மனுஷன் முகம் வெளுத்துடுச்சு. வித்த ஆசாமி எங்கேன்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து பணம் கட்ட உக்காந்தப்ப தோணின கேள்விதான் இந்தப் பதிவு. புதுசா நாப்பது வீடு வந்தா ரோடு, சாக்கடை, தண்ணி, விளையாட இடம் எல்லாம் வேணும். அந்தச் செலவு யாரோடது? நிலத்தை வித்தவரா, லேஅவுட் போட்டவரா, வாங்கினவனா, இல்ல ஏற்கனவே ஊர்ல இருக்கிறவங்களா? கொஞ்ச நாள் இதையே பிடிச்சுக்கிட்டு படிச்சேன்.

முதல்ல ஆயிரம் வருஷம் பின்னாடி போவோம். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர் ஊரா வருவாயை எழுதி வெச்சிருக்கான் இல்லையா, அந்தக் கல்வெட்டுல ஒரு கணக்கு முறை இருக்கு. ஊரோட மொத்த நிலம் இவ்வளவு. அதுல ஊர்நத்தம், கோயில், குளம், ஊருக்குள்ள ஊடறுத்துப் போற வாய்க்கால், சேரி, சுடுகாடு, இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் வரி. அதாவது ஊர்னு ஒண்ணு இருந்தா இவ்வளவு இடம் பொதுவுக்குப் போயே ஆகணும்னு கணக்குப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. பொற்காலம்னு சொல்ல வரல. சேரியைத் தனியா ஒதுக்கினதும் அதே கல்வெட்டுலதான் இருக்கு. ஆனா பொது இடத்தைக் கழிச்சப்புறம்தான் மத்த கணக்கு. அந்த வரிசையை மட்டும் பாருங்க.

அடுத்தது நம்ம மண்ணுலயே நடந்த கதை. 1792-ல திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகாலை கம்பெனிக்கு விட்டுக் குடுத்தார். பாராமகால்னா கிட்டத்தட்ட இன்னிக்கு கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம். வரி போட வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழ உதவியாளரா வந்தவர் தாமஸ் மன்றோ. சென்னையில தீவுத்திடல் பக்கம் குதிரை மேல அங்கவடி இல்லாம உக்காந்திருக்காரே, அவரேதான். வயல் வயலா அளந்து, விவசாயி பேர்ல நேரா வரி போடற ரயத்துவாரி முறை இங்கதான் உருவாச்சு. மெட்ராஸ் மாகாணம் பூரா பரவினது அப்புறம்.

அளந்த நிலத்துல வரி போட்டது ஒரு பக்கம். ஏரி, மந்தை, வண்டிப்பாதை, மயானம்னு வரிக் கணக்குக்கு வெளிய நின்னது ஒரு பக்கம். அதுதான் புறம்போக்கு. இன்னிக்கு அந்த வார்த்தை திட்டற வார்த்தையா ஆயிடுச்சு. உண்மையில ஊருக்கே சொந்தமான சொத்து அதுதான். நம்ம பழைய ஊர் எதுக்குப் போனாலும் அம்மன் கோயில் முன்னாடி ஒரு மந்தை இருக்கும். பசங்க கிரிக்கெட் ஆடறது, தெருக்கூத்து, பந்தல், எல்லாம் அங்க. யாரும் காசு குடுத்து வாங்கினதில்ல, விட்டு வெச்சது. என் பிளாட் இருக்கிற இடம் அதுக்கு முன்னாடி பட்டா மாந்தோப்பு. அதுல மந்தை கிடையாது. இருக்க வேண்டிய அவசியமும் இல்ல, தோப்புல யாரும் குடியிருக்கலையே. பட்டா நிலம் மனையாகும்போது புதுசா ஒரு மந்தையை யாராவது உண்டாக்கணும். சட்டத்துக்கு வேலை வர்றது இங்கதான்.

இங்கிலாந்துல 1909-ல ஒரு நகரமைப்புச் சட்டம் வந்தது. அரசாங்கம் திட்டம் போட்டதால உன் நில மதிப்பு ஏறிச்சுன்னா, ஏறினதுல பாதியை உள்ளாட்சி கேக்கலாம். அந்த யோசனை கப்பலேறி பம்பாய்க்கு 1915-ல வந்தது, மெட்ராசுக்கு 1920-ல. மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் 1920. அதுலயும் நில மதிப்பு ஏறினா ஒரு பங்கு கேக்க வழி இருந்தது. அந்தக் காலத்துல உருவானதுதான் தி.நகர். மாம்பலம் ஏரியை வத்த வெச்சு, தெரு போட்டு, நடுவுல பனகல் பார்க் வெச்சு, மனை வித்தாங்க. ஏரியை அழிச்சதை ஒவ்வொரு மழையிலயும் சென்னைக்காரங்க திட்டிக்கிட்டே இருப்பாங்க, நியாயம்தான். ஆனா பார்க் அங்க இன்னும் இருக்கே! நூறு வருஷம் ஆகியும் அதுல யாரும் மாடி வீடு கட்டல. மேப்புல பச்சை அடிச்சதோட விடாம, அது பொதுச் சொத்தாவே இருந்ததால.

1947-ல இங்கிலாந்துக்காரங்க இன்னொரு படி மேல போனாங்க. கட்டட அனுமதியால ஏறுற நில மதிப்பு முழுசும், நூத்துக்கு நூறு, அரசாங்கத்துக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. என்ன ஆச்சு? நிலம் வெச்சிருந்தவங்க "எனக்கு ஒண்ணுமில்லைன்னா நான் எதுக்கு விக்கணும்"னு உக்காந்துட்டாங்க. வாங்கறவங்க நிலத்துக்கும் அதிக விலை குடுத்து, கட்டணமும் கட்டினாங்க. ஆட்சி மாறி 1953-ல தூக்கிட்டாங்க. மொத்தத்தையும் புடுங்கினா மாடு பால் குடுக்காதுன்னு நம்ம ஊர் பாட்டிங்களுக்கு சட்டம் போடாமலே தெரியும்.

அமெரிக்கா கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. புளோரிடாவுல டனிடின்னு ஒரு சின்ன ஊர். புதுசா தண்ணி, சாக்கடை இணைப்பு கேக்கறவங்ககிட்ட விரிவாக்கச் செலவுக்குன்னு ஒரு கட்டணம் வாங்கினாங்க. பில்டர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1976-ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதை சுருக்கமா சொல்றேன்: புது வீட்டால வர்ற செலவை புது வீட்டுக்காரன்கிட்ட கேக்கறது தப்பில்ல. ஆனா வாங்கின காசு அந்த விரிவாக்கத்துக்கு மட்டும்தான்னு உன் சட்டத்துல எழுதியிருக்கியா? எழுதல. அப்ப செல்லாது. கட்டணம் சரி, உண்டியல் சரியில்ல!

1978-ல கலிபோர்னியாவுல சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டுட்டாங்க. உள்ளாட்சிகளுக்கு வரும்படி குறைஞ்சதும், புது வீடுங்க மேல கட்டணம் ஏத்தறது வழக்கமாச்சு. ஏற்கனவே இருக்கறவங்க ஓட்டு போடுவாங்க, இனிமே வரப்போறவன் எங்க ஓட்டு போடறான்? அது எதுல போய் நின்னுதுன்னா, எல்டொராடோ கவுண்டியில ஷீட்ஸ்னு ஒருத்தர் தன் நிலத்துல ஒரு சின்ன ரெடிமேட் வீடு வெக்க, போக்குவரத்துக் கட்டணம்னு 23,420 டாலர் கேட்டாங்க. கட்டிட்டு கேஸ் போட்டார். 2024 ஏப்ரல்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் மாதிரி ஒரு சபை எல்லாருக்கும் பொதுவா போட்ட கட்டணமா இருந்தாலும் கேள்வி கேக்கலாம்னு தீர்ப்பு குடுத்தது. என்ன கேள்வி? இந்த வீட்டால வர்ற பாரத்துக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இருக்கா, அளவு பொருந்துதா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971. அதுல 59-வது பிரிவு வளர்ச்சிக் கட்டணம். நிலத்தோட பயன்பாட்டை மாத்தினா, கட்டடம் கட்டினா, திட்டக் குழுமத்துக்குக் கட்டணும். லேஅவுட்டுக்கு தனி விதிகள். ரோட்டை உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கணும். பெரிய இடமா இருந்தா ரோடு போக மிச்சத்துல பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. நம்மாளுங்க ஓ.எஸ்.ஆர்.னு சொல்றது அதைத்தான். இப்ப நடப்புல இருக்கிற 2019 விதிகள்படி 3,000 சதுர மீட்டர் வரைக்கும் கிடையாது. 3,000-க்கு மேல 10,000 வரைக்கும் இடமா குடுக்கலாம், இல்ல வழிகாட்டி மதிப்புப்படி பணமா கட்டலாம். 10,000-ஐத் தாண்டினா இடமாவேதான் குடுக்கணும். ராஜராஜன் காலத்துக் கணக்குப்பிள்ளை பாத்தா சந்தோஷப்படுவார்.

ஆக, சட்டம் இல்லைன்னு சொல்ல முடியாது. சட்டம் நகரத்தைப் பாத்துக்கிட்டு நின்னுது, மனை கிராமத்துல வித்துது. அவ்வளவுதான் விஷயம். ஓசூர்ல தொழிற்சாலைங்க வந்து வாடகை ஏற ஏற, ஜனம் கிருஷ்ணகிரி ரோடு பூரா பரவுச்சு. டி.டி.சி.பி. ஆபீஸ் ஏறி இறங்கினா மாசக்கணக்கு, பத்து சதவீதம் நிலம் நஷ்டம். பஞ்சாயத்துல ஒரு சீல் வாங்கினா ஒரே வாரம். ரெண்டுக்கும் ஒரே பதிவு அலுவலகம், ஒரே முத்திரைத்தாள். நீங்க புரோக்கரா இருந்தா எதைத் தேர்ந்தெடுப்பீங்க? அந்த சீலுக்கு லேஅவுட் அனுமதி குடுக்கற அதிகாரமே இல்லைன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமான்னு தெரியல. விலை அப்படி!

2007-க்கு அப்புறம் உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம்னு ஒண்ணு சேத்தாங்க, பெரிய அடுக்குமாடி, வணிகக் கட்டடம் மாதிரி விஷயங்களுக்கு. அந்தப் பணம் மாநில அளவுல ஒரு நிதியா சேருது. டனிடின் நீதிபதிங்க இதைப் பாத்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பாரம் விழுந்தது ஒரு தெருவுல, உண்டியல் இருக்கிறது சென்னையில. பெரிய குடிநீர்த் திட்டம், பெரிய பாலம்னா மாநில அளவு சேமிப்பு வேணும்தான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தெருக்காரன் எந்த நம்பிக்கையில கட்டுவான்?

2016 செப்டம்பர் 9. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வயலும் ஏரியும் இப்படியே மனையா மாறிக்கிட்டு இருந்தா என்னதான் முடிவுங்கற பொதுநல வழக்கு அது. எங்க பக்கம் டீக்கடையில அன்னிக்கு இழவு வீடு மாதிரி இருந்தது. பொண்ணு கல்யாணத்துக்கு மனையை விக்கலாம்னு இருந்தவங்க எல்லாம் அப்படியே நின்னாங்க. 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி போட்ட லேஅவுட்டுன்னா, வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி சரி பண்ணிக்கலாம். கட்டணம் ஜாஸ்தின்னு கூச்சல் வந்ததும் அதே வருஷம் அக்டோபர்ல குறைச்சாங்க. கெடுவும் திரும்பத் திரும்ப நீண்டுச்சு.

நானும் கட்டினேன். அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது.

லேஅவுட் போடற அன்னிக்கே கட்டணமும் பத்து சதவீதமும் கறாரா வாங்கியிருந்தா, புரோமோட்டர் என்ன பண்ணியிருப்பார்? தோப்புக்காரர்கிட்ட போய், "அண்ணே, எனக்கு இவ்வளவு செலவு இருக்கு, ஏக்கருக்கு இவ்வளவுதான் கட்டுபடியாகும்"னு பேசியிருப்பார். மாந்தோப்பு மனையாகறதால வர்ற திடீர் லாபத்துல இருந்து ஒரு பங்கு ரோட்டுக்குப் போயிருக்கும். வாங்கற என் தலையிலயும் கொஞ்சம் விழுந்திருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா மூணு பேரும் பேரம் பேசிப் பிரிச்சிருப்போம். பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே கட்டணத்தைக் கேட்டா? தோப்புக்காரர் காசை வாங்கி புது டிராக்டர் ஓட்டறார். புரோமோட்டர் அட்ரஸ் இல்ல. கையில பத்திரம் வெச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான். பாட்டு நின்னப்ப நாற்காலி கிடைக்காம நின்னவன் மாதிரி. கட்டணத்தோட பேர் ஒண்ணுதான், அதைக் கேக்கற நேரத்தைப் பொறுத்து கட்டற ஆள் மாறிடறான்.

என்னை விடுங்க, எனக்கு மாசச் சம்பளம். அந்த லேஅவுட்டுல பாதிப்பேர் சிப்காட்ல கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்க. சீட்டு எடுத்து மனை வாங்கி, தகரக் கூரை போட்டு குடி வந்தவங்க. அவங்களும் கட்டினாங்க.

தண்ணி விஷயம் தனிக் கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களோட பல்லைப் பாத்தாலே ஊர் தெரியும்னு ஒரு கிண்டல் உண்டு. நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல அடிக்கல் நாட்டினப்ப கர்நாடகாவுல அவ்வளவு கலாட்டா நடந்தது, ஞாபகம் இருக்கும். ஜப்பான் கடனுதவியில கட்டி 2013 மே மாசம் தொடங்கி வெச்சாங்க. காவிரி எங்க கிராமத்து மேல்நிலைத் தொட்டி வரைக்கும் வந்ததை நான் சின்ன விஷயமா நினைக்கல. பழைய தெருவுல இருக்கிற என் அத்தை முதல் நாள் சாமி படத்துக்கு முன்னாடி ஒரு சொம்பு வெச்சாங்க.

அதே தொட்டியில இருந்துதான் எங்க லேஅவுட்டுக்கும் அப்புறம் குழாய் இழுத்தது. தொட்டி பெருசாகல. இப்ப அத்தை தெருவுல தண்ணி வர்ற நேரம் பாதியாயிடுச்சு. ஒரு தடவை போனப்ப அத்தை சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "என்னப்பா, உங்க பிளாட்டுக்காரங்க எல்லாம் குளிச்சு முடிச்சுட்டாங்களா?" எனக்கு பதில் சொல்லத் தெரியல. நான் கட்டணம் கட்டியிருக்கேன் அத்தைன்னு சொல்லலாம். எதுக்குக் கட்டினேன்னு அந்த ரசீதுல ஒரு வரி இல்ல. கட்டின காசுல ஒரு சின்ன தொட்டி வந்திருந்தாகூட அத்தைக்கு நேரா முகம் பாத்துப் பேசியிருப்பேன்.

இதனாலதான் "கட்டணமே கூடாது, ஏழை எப்படி வீடு கட்டுவான்"னு சொல்ற நண்பர்களோட என்னால முழுசா ஒத்துப்போக முடியல. கட்டணம் வாங்கலைன்னா செலவு மறைஞ்சு போகாது. அத்தை குடத்துல போய் உக்காந்துக்கும். அதே சமயம் கட்டணத்தை ஏத்து ஏத்துன்னு சொல்றவங்களோடயும் ஒத்துப்போகல. உண்டியலுக்கு ஊர் பேர் எழுதாம எவ்வளவு ஏத்தினாலும் எங்க தெருவுல சாக்கடை வராது.

புது லேஅவுட்டுங்க நிலைமை இப்ப பரவாயில்லைன்னுதான் சொல்லணும். அங்கீகாரம் இல்லாம பத்திரம் ஆகாதுங்கறதால மஞ்சள் நோட்டீஸ்காரங்களே டி.டி.சி.பி. நம்பரை பெருசா போடறாங்க. திறந்தவெளி போக உள்ளாட்சிக்கும் மின்வாரியத்துக்கும் அரை அரை சதவீதம் இடம் விடணும்னு 2019 விதிகள்ல இருக்கு. டிரான்ஸ்ஃபார்மரை நடு ரோட்டுல வெக்க வேண்டாம் பாருங்க.

போன மாசம் அக்கா பையன் ஒரு மனை பாக்கணும்னான். சிப்காட்லதான் வேலை. கூட போனேன். நுழைவாயில் வளைவு, ரெண்டு பக்கமும் ஈச்ச மரம், உள்ள கம்பி வேலி போட்டு சறுக்கு மரத்தோட நிஜமாவே ஒரு பூங்கா. பையன் அசந்துட்டான். நான் அந்த ஏஜென்ட் தம்பிகிட்ட, "பூங்கா இடத்தை பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்த தானப்பத்திரம் நம்பர் என்னப்பா?"ன்னு கேட்டேன்.

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "சார் வக்கீலுங்களா?"

"இல்லப்பா. பூங்கா வாங்கினவன்."

புரியல அவருக்கு. ஆபீஸ்ல கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னார். பையன் தினம் போன் பண்ணி "மாமா, வந்துதா?"ன்னு கேக்கறான். இன்னும் வரல.